முப்பத்தைந்துக்குள்

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பேர் ரேடியோ. அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ என்று அப்பா சொல்வார். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வருகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து ஊர்க்கதை பேசுவாள். எதிர்ப்பேச்சு வராத இடமாகப் பார்த்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவளும் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே பேசுவாள்.

அந்த வாயில்தான் இப்போது குழாய் இருந்தது. சாதாரண சளி, காய்ச்சல் என்று ஆரம்பித்தது. இரண்டு நாளில் நிமோனியா என்றார்கள். அதற்கடுத்த நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தூங்கவைத்து, வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் குழாயை இறக்கி வென்டிலேட்டரில் போட்டுவிட்டார்கள். சளியும் காய்ச்சலும் ஒருவழியாக இறங்கின. நெஞ்சு எக்ஸ்ரேயில் வெள்ளையாகக் கிடந்தது கறுக்க ஆரம்பித்தது. அப்பாடா என்று இருந்தோம். நோய் போனால் மெஷினும் போய்விடும் என்று நினைத்தது எங்கள் முட்டாள்தனம்.

"மெஷினை மாட்டறது ஒரு நிமிஷ வேலை. கழட்டறதுதான் வேலை," என்றார் டாக்டர். என்னைவிடச் சின்ன வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். பேசும்போது எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிற டாக்டர், அதனால் எனக்குப் பிடித்திருந்தது. "இத்தனை நாளா மெஷின்தான் இழுத்துச்சு, விட்டுச்சு. அவங்க தசை சும்மா கிடந்துச்சு. மாவுக்கட்டு பிரிச்சா கால் சூம்பிப்போயிருக்கும் பாருங்க, அந்த மாதிரி. இனிமே கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்."

பழக்குவது என்றால் இப்படி. காலையில் தூக்க மருந்தை நிறுத்துவார்கள். அக்கா கண்ணைத் திறப்பாள். சிஸ்டர் கையைப் பிடிக்கச் சொல்வார், தலையைத் தூக்கச் சொல்வார். பிறகு மெஷின் தரும் உதவியைக் குறைத்துவிட்டு, இழுக்கிற வேலையை அவளிடமே விட்டுவிடுவார்கள். குழாய் வாயிலேயே இருக்கும். அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் பிழைத்தாள், குழாயை எடுத்துவிடலாம். முடியவில்லை என்றால் மறுபடி மெஷின், மறுபடி தூக்கம், அப்புறம் இன்னொரு நாள்.

முதல் தடவை, கண்ணாடிக்கு வெளியே நின்று நாங்கள் பார்க்கும்போதே அவளுக்கு நெற்றி முழுக்க வேர்த்து, கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழும்பிவிட்டது. சிஸ்டர் ஓடிப்போய்ப் பழையபடி வைத்தார். இரண்டாம் தடவை கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் திடீரென்று எதற்கோ மிரண்டு குழாயைப் பிடுங்கப் போய்விட்டாள். திரையில் மூச்சின் எண்ணிக்கை நாற்பது, நாற்பத்தைந்து என்று ஏறியது. ரேடியோ என்று நாங்கள் கிண்டல் செய்த பெண், சத்தமே இல்லாமல் அழுவதை அன்றுதான் பார்த்தேன். குழாய் இருந்தால் அழுகைக்குக்கூடச் சத்தம் வராதாம். எனக்குத் தெரியாது.

அன்று வார்டுக்கு வெளியே நடைபாதையில் வைத்து டாக்டர் எங்களிடம் சொன்னார். "இன்னொரு தடவை பாக்கலாம். அதுலயும் முடியலைன்னா கழுத்துல சின்னதா துளை போட்டு அது வழியா குழாய் வச்சிடலாம். வாய் ஃப்ரீயாயிடும். அவசரமே இல்லாம, வாரக்கணக்குல பழக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் வீட்டுக்குப் போறாங்க. அதைத் தோல்வின்னு நினைக்காதீங்க."

"பேச்சு?" என்றேன் நான்.

"கொஞ்ச நாளைக்கு வராது. அப்புறம் வர வைக்கலாம்."

அக்காவிடம் இதை நானேதான் சொன்னேன். குழாயோடு அவள் பேசுகிற ஒரே வழி, நம் உள்ளங்கையில் விரலால் எழுதுவது. எனக்குப் பாதி புரியாது. புரியவில்லை என்றால் முறைப்பாள், முறைப்பு மட்டும் அப்படியே இருந்தது. கழுத்து, துளை என்றதும் என் கையைப் பிடித்து இழுத்து, எனக்கும் புரிகிற மாதிரி பெரிது பெரிதாக எழுதினாள். வேண்டாம். திரும்பவும் வேண்டாம். நகம் என் தோலில் கோடு போட்டது.

இங்கே அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா புருஷன். வீட்டு மாடியில் டியூஷன் நடத்துகிறார். அவரிடம் வருவது எல்லாம் பள்ளிக்கூடம் கைகழுவின கேஸ்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை எதுவும் அவர் மாடிப்படி ஏறியதில்லை. ஆனால் தேறவே தேறாது என்று எழுதி ஒட்டின பிள்ளையைக்கூட எப்படியாவது முப்பத்தைந்து மார்க் வாங்க வைத்துவிடுவார். எந்தக் கேள்வி வரும், திருத்துகிறவர் கண் முதலில் எங்கே போகும், தெரியாத கேள்விக்கு எப்படிப் பக்கத்தை நிரப்புவது, எல்லாம் அத்துப்படி. தெருவில் அவருக்குப் பேர் பாஸ்மார்க் வாத்தியார். "நீங்க எங்க பாடம் நடத்தறீங்க, பாஸ் பண்ணத்தானே வைக்கறீங்க," என்று அக்கா அவரை வாரிக்கொண்டே இருப்பாள். "பாஸ் பண்ணாத்தானேடி அடுத்த கிளாஸ்ல உக்காந்து பாடம் படிக்க முடியும்," என்பார் அவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலமானால் மாடி நிறையப் பிள்ளைகள், அதுவே போதும் என்று இருந்தார்கள்.

நடைபாதையில் டாக்டர் பேசி முடித்ததும் அத்தான் ஒரு கேள்வி கேட்டார். "மூணாவது தடவை வைக்கறப்போ என்னென்ன பாப்பீங்க மேடம்?"

பாவம், டாக்டர் அதை ஒரு புருஷனின் கவலை என்று எடுத்துக்கொண்டார். பொறுமையாகச் சொன்னார். மூச்சு நிமிஷத்துக்கு முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. நாடித்துடிப்பு ரொம்ப ஏறக்கூடாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கக்கூடாது. வேர்க்கக்கூடாது, தவிக்கக்கூடாது, மூக்கு விடைக்கக்கூடாது. கடைசியில் மணிக்கட்டில் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்ப்போம். "போன தடவை பாதிக்கு மேல பயம்தான் காரணம். பயந்தாலே மூச்சு எகிறும். நாளைக்கு நீங்க பக்கத்துல இருந்து கையைப் பிடிச்சுக்கங்க."

அத்தானின் உதடு அசைந்துகொண்டிருந்தது. மனப்பாடம் பண்ணுகிறார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"கொஸ்டின் பேப்பர் அவுட்," என்றேன்.

"நீ சிரி. முப்பத்தஞ்சுதான் பார்டர், பாத்தியா? அது எனக்குத் தெரிஞ்ச நம்பர்," என்றார். இத்தனை நாள் கழித்து அன்றுதான் அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன்.

சாயங்காலம் பார்வை நேரத்தில் டியூஷன் ஆரம்பமானது. நானும் கூட இருந்தேன். அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தார். "இதோ பாரு. நான் விரலைத் தூக்கறப்போ இழு. அழுத்தறப்போ விடு. அதுக்கு நடுவுல என்ன தோணினாலும் அவசரப்படாத. வேகமா விட்டா அவங்க நிறுத்திடுவாங்க. முகத்தைச் சுளிக்காத. மூக்கை விடைக்காத. அரை மணி நேரம்தான். அரை மணி நேரம் சமாளிச்சிட்டா குழாய் போயிடும். கழுத்துல கை வைக்க மாட்டாங்க."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். பார்த்தாயா இந்த மனுஷனை என்று அர்த்தம். ஆனால் செய்தாள். விரல் எழுந்தபோது நெஞ்சு எழுந்தது, விரல் இறங்கியபோது இறங்கியது. மெஷின் முழு உதவியில் இருந்ததால் அப்போது அது சுலபம். சிஸ்டர்கூட எட்டிப் பார்த்து, "அட, அழகா இருக்கே," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்கா வாயை மூடிக்கொண்டு அத்தான் சொல்வதைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நானே சொன்னேன். அவள் தோள் குலுங்கியது. குழாய்க்குள்ளேயே சிரித்தாள், மெஷின் பதறி அலாரம் அடித்தது.

மறுநாள் காலையில் அத்தான் உள்ளே, நான் கண்ணாடிக்கு வெளியே. ஒருவருக்குத்தான் அனுமதி. சிஸ்டர் மெஷினில் எதையோ திருகினார். அத்தான் விரலை வைத்தார்.

நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். லேட்டாக வருகிற டிரைவர்களை நாள் முழுக்கத் திட்டுகிற வேலை. காத்திருப்பது என்றால் எனக்கு வேப்பங்காய். அன்று காத்திருந்தேன். திரையில் எண் இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்தேழு. அக்காவின் முகம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த முகம் மாதிரி இருந்தது. சுளிப்பு இல்லை, விடைப்பு இல்லை. கண் மட்டும் அத்தான் விரலைவிட்டு அசையவில்லை. நெற்றியில் லேசாக மினுமினுப்பு தெரிந்தது. அத்தான் குனிந்து தன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். நான் அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, என்ன ஒரு அன்பு என்றுதான் நினைத்தேன்.

அரை மணி நேரம் முடிந்தது. டாக்டர் வந்தார், பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். "கொஞ்சம் ஓரமாத்தான் இருக்கு. ஆனா பரவாயில்ல. இவ்வளவு நிதானமா செஞ்சிருக்காங்க, எடுத்துடலாம்," என்றார். நாடாவைப் பிரித்தார்கள், சளியை உறிஞ்சினார்கள், இருமச் சொன்னார்கள். குழாய் வெளியே வந்தது. இவ்வளவு நீளமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா இருமி முடித்தாள். கண்ணைத் திறந்தாள். உள்ளே விடப்பட்ட என்னைப் பார்த்து, தகரத்தில் ஆணியால் கீறின மாதிரி ஒரு குரலில் சொன்னாள். "தலையைச் சீவி விடுடி. பேய் மாதிரி இருப்பேன்."

அத்தான் அழுதுவிட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனார். போகிற வழியில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "பாஸ் பண்ணிட்டா, பாஸ் பண்ணிட்டா," என்று சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. நான் சிஸ்டரிடம் சீப்பு வாங்கி, சிக்குப் பிடித்த முடியை நுனியிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். திட்டிக்கொண்டேதான் எடுத்தேன், எங்கள் வீட்டில் அப்படித்தான். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்றேன். அவர்கிட்ட சொல்லாத."

"என்ன?"

"எனக்கு முடியலடி." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "பாதியிலேயே முடியல. நெஞ்சு எரிஞ்சுது. கண்ணு இருட்டுச்சு. நிறுத்துங்கன்னு கையைத் தூக்கலாம்னு பாத்தேன். அவரு விரல் நடுங்கிட்டே இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. அடக்கிட்டேன்."

சீப்பைக் கீழே வைத்தேன். "பைத்தியமா நீ? மூச்சை யாராவது அடக்குவாங்களா?"

"பாஸ் பண்ணிட்டேன்ல," என்றாள். அந்த நிலையிலும் கண்ணில் ஒரு குறும்பு. "சொல்லாதடி. சத்தியமா சொல்லாத. அந்த மனுஷன் தாங்க மாட்டாரு."

சத்தியம் செய்தேன். செய்த கையோடு நேராக டாக்டரிடம் போனேன். அத்தானிடம் சொல்லக்கூடாது என்றுதானே சத்தியம். நடந்ததை எல்லாம் கொட்டினேன், விரலை, கைக்குட்டையை, எல்லாவற்றையும். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேகமாக உள்ளே போய் அக்காவைப் பார்த்தார். மூக்கையும் வாயையும் மூடி அழுத்திக் காற்றைத் தள்ளும் முகமூடி ஒன்றை மாட்டச் சொன்னார். "இது தாங்குதான்னு பாப்போம். தாங்கலைன்னா மறுபடி குழாய்," என்றார். "அவங்க கணவர்கிட்ட இதை நான் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

அந்த முகமூடியை அக்கா ஒரு நிமிஷம்கூட ஒழுங்காகப் போட்டிருக்கவில்லை. விலக்கிவிட்டுப் பேசினாள். வாரக்கணக்கில் அடைத்துவைத்த பேச்சு. பல் ஆஸ்பத்திரியில் தன் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், மாடிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்துவிட்டதா, நான் ஏன் இளைத்துவிட்டேன். சிஸ்டர் திரும்ப மாட்டிவிடுவார், இவள் திரும்ப விலக்குவாள். அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பரிசு வாங்கின பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கத்தினேன், "வாயை மூடுறியா இல்லையா?" என்று. என் வாழ்க்கையில் அவளிடம் ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. அன்று மட்டும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

மத்தியானத்துக்கு மேல் அவளாகவே மூடிவிட்டாள். பேச்சு குறைந்தது. கேட்டதற்கு ஒரு வார்த்தை, அப்புறம் வெறும் தலையசைப்பு. களைப்பு, தூங்கட்டும் என்றார் அத்தான். தூக்கம் இல்லை அது. வெளியே போக வேண்டிய கெட்ட காற்று உள்ளேயே தங்கினால் அப்படித்தான் மயக்கம் வருமாம். டாக்டர் வந்து அவள் தோளைத் தட்டினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கண் திறந்து எங்கோ பார்த்தது. எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

கண்ணாடிக்கு உள்ளே திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். திரைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன, ஓடுகிற கால்கள், நிற்கிற கால்கள். குழாய் இருந்த தொண்டை வீங்கிப்போயிருந்ததாம். மறுபடி குழாய் இறக்க வழி தெரியவில்லையாம். ஒரு தடவை முயன்று, இன்னொரு தடவை முயன்று, அதற்குள் இதயம் நின்றுவிட்டதாம். நெஞ்சை அமுக்கித் திரும்ப ஓட வைத்தார்கள், குழாயும் இறங்கிவிட்டது. இதெல்லாம் பிறகு டாக்டர் சொன்னது. சொல்லும்போது அவர் தலைமுடி கலைந்து, நெற்றியில் ஒட்டியிருந்தது. "ரொம்ப நேரம் ஆயிடுச்சு," என்றார். எனக்கு அதன் அர்த்தம் உடனே புரிந்தது. அத்தானுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள மறுத்தார்.

அதற்குப் பிறகு அக்கா கண்ணைத் திறக்கவில்லை. தூக்க மருந்தை நிறுத்தினார்கள், கிள்ளினார்கள், கண்ணில் வெளிச்சம் அடித்தார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அத்தான் ஒரே கதையைச் சொன்னார். "டெஸ்ட்ல பாஸ் பண்ணிட்டா. நல்லா பண்ணினா. அதுக்கப்புறம்தான் என்னமோ ஆயிடுச்சு." பாஸ், பாஸ், பாஸ். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்து உலுக்கி, அவள் பாஸ் பண்ணவில்லை, நீ பண்ண வைத்தாய் என்று அந்த நடைபாதையே கேட்கிற மாதிரி கத்த வேண்டும் போல இருந்தது. வாயில் வந்ததை வாயிலேயே வைத்துப் பழக்கமில்லாத ஆள் நான். இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதானே.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "அவ அடக்காம இருந்திருந்தா?"

"டெஸ்ட்டை நிறுத்தியிருப்போம். கழுத்துல துளை போட்டிருப்போம்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒழுங்கா பாஸ் பண்ணினவங்கள்லயும் சில பேருக்கு இப்படி ஆகுது. ஆகவே ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது. அதனாலதான் ஆச்சுன்னும் சொல்ல முடியாது," என்றார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒருநாள் காலை எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். நாலு நாற்காலி, ஒரு பெட்டி டிஷ்யூ. டிஷ்யூவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூளையில் நினைவுக்கான பகுதி எதுவும் மிச்சமில்லை, அடியில் மூச்சை ஓட்டுகிற பகுதி மட்டும்தான் கொஞ்சநஞ்சம் வேலை செய்கிறது, இனி விழிக்க மாட்டாள் என்றார் டாக்டர். குழாயை எடுத்துவிடலாம். கஷ்டம் தெரியாமல் இருக்க மருந்து கொடுப்போம். கொஞ்ச நேரம் தானாக மூச்சு விடலாம், பிறகு நின்றுவிடும்.

அத்தான் தொண்டையைச் செருமினார். "எடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் வைப்பீங்களா?"

"இல்ல சார். இதுக்கு டெஸ்ட் கிடையாது."

"சரி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற?"

அவள் எனக்கு அக்கா. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ரேடியோ. அதை அணைக்கலாமா என்று என்னைக் கேட்கிறார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஆனால் சரி என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல இருந்தது?

இந்தத் தடவை இருவரையும் உள்ளே விட்டார்கள். எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார்கள். விதிகள் எல்லாம் தளர்ந்துபோனதே பயமாக இருந்தது. சிஸ்டர் அக்காவுக்கு முகம் துடைத்து, முடியைச் சீவிப் பின்னிப் போட்டிருந்தார். ஊசியில் மருந்து ஏற்றினார். குழாயை எடுத்தார். மெஷினை அணைத்தார். தலைக்கு மேலே இருந்த திரையையும் அணைத்தார். இத்தனை நாள் பச்சையாகவும் நீலமாகவும் ஓடிக்கொண்டிருந்த எண்கள் ஒன்றும் இல்லை. கறுப்புக் கண்ணாடி மட்டும் இருந்தது.

அக்கா மூச்சு விட்டாள். தானாக விட்டாள். முதலில் ஒன்று பெரிதாக, பிறகு சின்னச் சின்னதாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, படியில் தடுக்கித் தடுக்கி இறங்குகிற மாதிரி. முகத்தில் தவிப்பு இல்லை, மருந்து வேலை செய்தது. வேகம் மட்டும்தான். தொழில் புத்தி, நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன்.

அத்தான் வழக்கம்போல அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். குனிந்து அவள் காதுக்குள் பேசினார். ரகசியம் மாதிரித்தான் பேசினார், ஆனால் மெஷின் சத்தம் இல்லாத அறையில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"வேகமாவே விடும்மா. உன் இஷ்டத்துக்கு விடு. இப்ப யாரும் எண்ணல. நானும் எண்ணல. அடக்காத."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அன்னைக்கே தெரியும். அவ கை எங்கிட்டதானே இருந்துச்சு. பாதியிலேயே நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. நிறுத்தச் சொல்லிடலாமான்னு நினைச்சேன். இன்னும் கொஞ்ச நேரம்தானே, தாண்டிடுவான்னு விட்டுட்டேன். என் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் தாண்டியிருக்கு."

இத்தனை நாள் அந்த பெஞ்சில் எதை அவரிடமிருந்து ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, அதையேதான் அவரும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாஸ் பண்ணிட்டா, பாஸ் பண்ணிட்டா என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னது அதை மூடத்தான். ஓங்கி ஒன்று விட வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

"உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார்.

எப்படியும் தெரிந்துவிட்டது, இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அவருக்கு ஒரு ஆறுதலாகக்கூட இருக்கலாம் என்று நினைத்தேன். உண்மையில், சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. "சொன்னா. நடுங்கினது அவ கை இல்ல. உங்க விரல்தான் நடுங்கிச்சாம். அதைப் பாத்துப் பாவமா இருந்துச்சாம். அதனாலதான் அடக்கினாளாம்."

அத்தான் அவள் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்தார். இத்தனை நாளில் அவராக எடுத்தது அதுதான் முதல் தடவை. மெல்ல எடுத்து, தன் மடியில் வைத்து, இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டார். நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்தினார்.

"பிடிச்சுக்கங்க அத்தான்," என்றேன். "அத்தான், அவ இன்னும் இருக்கா. பிடிச்சுக்கங்க."

அவர் தலையை ஆட்டினார். முடியாது என்று ஆட்டினார்.

அக்கா அதற்குப் பிறகும் வெகுநேரம் மூச்சு விட்டாள். அத்தான் அவளைத் தொடவே இல்லை. அவள் கை விரிப்பின்மேல் உள்ளங்கை மேலே தெரியக் கிடந்தது. நான் சுற்றிப் போய் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. அவள் தேடியிருந்தால் தேடியிருக்கக்கூடிய கை என்னுடையது இல்லை.